எண்ணெய்க் கிணற்றுச் சேவை நிறுவனங்கள் கார்பன் பிடிப்புக்கு வருவது: நம் பிள்ளைகளுக்கு அதில் நிலையான வேலை உண்டா?

ரெங்கம்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் உள்ள ரெங்கத்தில் தோட்டத்து லயத்தில் பிறந்து, ரப்பர் மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்ட காலத்தில் பள்ளிக்கூடம் போனவன் நான். கேட்க வந்திருப்பது என் அக்காள் மகனைப் பற்றி. இந்த வட்டாரத்தில் பல வீடுகளில் இதே கேள்வி இருக்கும் என்று நினைப்பதால் பொதுவில் வைக்கிறேன்.

மருமகனுக்கு வயது 29. குழாய் வெல்டர். எண்ணெய், எரிவாயு வேலைகளில் ஒன்பது ஆண்டு அனுபவம். 2020 ஏப்ரலில் அமெரிக்க எண்ணெய் விலை ஒரு நாள் பூஜ்யத்துக்கும் கீழே போனது பலருக்கு நினைவிருக்கும். கொரோனா நடமாட்டக் கட்டுப்பாடும் அதே நேரத்தில் வந்தது. அவன் வேலை செய்த துணைக் குத்தகை நிறுவனம் அடுத்த மாதமே அவனையும் உடன் இருந்தவர்களையும் நிறுத்தியது. இரண்டு மாத மிகைநேரச் சம்பளம் இன்றுவரை கைக்கு வரவில்லை. பிறகு பதினோரு மாதம் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டினான்.

இப்போது எண்ணெய்க் கிணறுகளுக்குச் சேவை செய்யும் ஒரு நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. ஆனால் வேலை எண்ணெய்க்கானது அன்று. புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிரித்தெடுக்கும் கோபுரங்களுக்கும் அவற்றோடு சேர்ந்த குழாய்த் தொகுதிகளுக்கும் வெல்டிங். இப்படிப் பிரித்த வாயுவைக் காற்றில் விடாமல் பூமிக்கு அடியில் செலுத்திப் புதைப்பார்களாம்; இதைத்தான் கார்பன் பிடிப்பு என்கிறார்கள். மூன்றாண்டு ஒப்பந்தம். "அரசாங்கத்தின் மனம் மாறினால் இந்த வேலையும் போய்விடுமா?" என்று என் அக்காள் கேட்கிறார். எனக்குப் பதில் தெரியவில்லை.

நான் படித்துத் தெரிந்துகொண்டது கொஞ்சம்தான். ஷ்லம்பெர்ஜெர் என்று நாம் அறிந்த எண்ணெய்க் கிணற்றுச் சேவை நிறுவனம் 2022-இல் தன் பெயரையே எஸ்எல்பி என்று மாற்றிக்கொண்டது. 2024-இல் நோர்வேயின் ஆக்கர் கார்பன் கேப்சர் தொழிலில் 80 விழுக்காட்டை 412 கோடி குரோனருக்கு வாங்கியது. இன்னொரு சேவை நிறுவனமான பேக்கர் ஹியூஸ் 2020-லேயே நோர்வேயில் இதே துறையில் ஒரு சிறு நிறுவனத்தை வாங்கியிருந்தது. இத்தனை பெரிய நிறுவனங்கள் பணம் போடுகின்றன என்றால் அது நம்பிக்கைக்குரிய அறிகுறியா, அல்லது எண்ணெய் சரியும்போது பிடித்துக்கொள்ள ஒரு கிளை தேடுகிறார்களா? விவரம் தெரிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கிணற்றுச்சிமெண்டு எழுதியது:

ரெங்கம்வாசி தம்பிக்கு வணக்கம். கிணறுகளுக்குச் சிமெண்டு செலுத்தும் வேலையில் 26 ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன் நான். மீரி, லாபுவான், கெர்த்தே மூன்று இடங்களிலிருந்தும் கடல் மேடைகளுக்குப் போய் வந்திருக்கிறேன்.

சேவை நிறுவனம் என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்குவது நல்லது. நிலத்தடி எண்ணெய் அவர்களுடையது அன்று. நம் நாட்டில் 1974-ஆம் ஆண்டின் பெட்ரோலிய மேம்பாட்டுச் சட்டப்படி அது அரசு எண்ணெய் நிறுவனமான பெட்ரோனாஸ் வசம் இருக்கிறது. கிணறு தோண்டுவது, இரும்புக் குழாயை இறக்குவது, அதைச் சுற்றிச் சிமெண்டு நிரப்புவது, பாறைக்குள் என்ன இருக்கிறது என்று கருவி இறக்கிப் பார்ப்பது ஆகியவைதான் சேவை நிறுவனம் விற்கும் சரக்கு. 1927-இல் பிரான்சின் பெஷல்பிரோன் என்ற ஊரில் ஷ்லம்பெர்ஜெர் சகோதரர்களின் ஆட்கள் முதன்முதலாக ஒரு கிணற்றுக்குள் மின்சாரக் கருவியை இறக்கிப் பாறையின் மின்தடையை அளந்த நாளிலிருந்து, இவர்கள் விற்பது பூமிக்கு அடியில் இருப்பதைப் பற்றிய அறிவையே. எண்ணெயை எடுப்பதற்கு வேண்டிய அறிவும் வாயுவை உள்ளே செலுத்துவதற்கு வேண்டிய அறிவும் பாதிக்கு மேல் ஒன்று. அதனால் இவர்கள் இந்தத் துறைக்கு வருவதை நான் வேறு மரத்துக்குத் தாவுவதாகப் பார்க்கவில்லை.

மீதிப் பாதியில்தான் சிரமம் இருக்கிறது. உங்கள் மருமகனின் வேலையும் அங்கேதான் இருக்கிறது. ஈரம் இல்லாத கரியமில வாயு இரும்பை ஒன்றும் செய்யாது. ஆனால் அதில் தண்ணீர் கலந்தால் அமிலமாகிறது. அந்த அமிலம் சாதாரண எஃகைத் தின்றுவிடும். அதனால்தான் குழாயில் அனுப்புவதற்கு முன் வாயுவை நன்றாக உலர்த்துகிறார்கள். ஈரம் படக்கூடிய இடங்களில் குரோமியம் கூடுதலாக உள்ள உயர்வகை எஃகைப் போடுகிறார்கள். சிமெண்டுக்கும் இதே கதிதான். நாங்கள் கிணறுகளில் நிரப்பிய போர்ட்லண்ட் சிமெண்டில் இருக்கும் சுண்ணாம்புச் சத்தை இந்த அமிலம் முதலில் மாற்றி, பிறகு கரைத்து வெளியேற்றிவிடும். ஆகவே போர்ட்லண்ட் பங்கைக் குறைத்துச் சாம்பலும் மணல்மாவும் பிற சேர்மானங்களும் கலந்த தனிவகைச் சிமெண்டுகள் வந்திருக்கின்றன. ஹாலிபர்ட்டன் போன்ற நிறுவனங்கள் இவற்றைத் தனிப் பெயரிட்டு விற்கின்றன.

என்னைத் தூங்கவிடாத விஷயம் பழைய கிணறுகள். எரிவாயு தீர்ந்துபோன நிலத்தடி வயல்களில் கரியமில வாயுவைச் சேமிப்பது நல்ல யோசனை. இலட்சக்கணக்கான ஆண்டுகள் வாயுவைப் பிடித்து வைத்திருந்த பாறை மூடி அங்கே ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் அந்த மூடியில் நாங்களே துளையிட்டிருக்கிறோம். முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முன் சிமெண்டு அடைத்துக் கைவிட்ட ஒவ்வொரு கிணறும் வாயு மேலே வரக்கூடிய ஒரு வழி. அந்தச் சிமெண்டை அடைத்தபோது இப்படி ஒரு நாள் வரும் என்று எங்களில் எவரும் எண்ணவில்லை. எங்கள் கணக்கு அடுத்த வேலைக்குப் படகு எப்போது வரும் என்பதோடு முடிந்தது. பழைய பதிவேடுகளைத் தேடி எடுத்து, ஒவ்வொரு கிணற்றின் அடைப்பும் எந்த ஆழத்தில் எவ்வளவு நீளத்துக்கு இருக்கிறது என்று பார்த்து, ஐயம் உள்ளதை மறுபடியும் திறந்து அடைக்கும் வேலை மட்டுமே பல ஆண்டுகளுக்குப் போதும். அந்த வேலையைத் தெரிந்தவர்கள் சேவை நிறுவனங்களில்தான் இருக்கிறார்கள்.

அறிவியல்_ஆசிரியை எழுதியது:

கிணற்றுச்சிமெண்டு ஐயா எழுதியதைப் படித்தபோது ஒரு ஐயம் தோன்றியது. தோட்டப்பள்ளி மாணவர்களுக்குக் கரியமில வாயு காற்றைவிடக் கனமானது என்று ஒவ்வோர் ஆண்டும் மெழுகுவத்தியை அணைத்துக் காட்டுகிறேன். 1986-இல் கமரூனின் நியோஸ் ஏரியிலிருந்து இயற்கையாக வெளிப்பட்ட கரியமில வாயு பள்ளத்தாக்கில் இறங்கி ஒரே இரவில் 1,700-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. ஏரி வேறு, குழாய் வேறு என்று சொல்லலாம். ஆனால் 2020 பிப்ரவரியில் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் சட்டார்ஷியா என்ற சிற்றூருக்கு அருகே கரியமில வாயுக் குழாயே வெடித்தது. 200 பேரை வெளியேற்றினார்கள். 45 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். உயிர்வளி இல்லாமல் வாகன இயந்திரங்கள் நின்றுபோனதால் தப்பி ஓட முயன்றவர்கள் வழியிலேயே சிக்கிக்கொண்டார்கள். நம் ஊர் வழியாக ஒருநாள் இப்படி ஒரு குழாய் வந்தால், செம்பனைத் தோட்டத்தின் நடுவில் மண் சரியும் மழைக்காலத்தில் அதை யார் பார்த்துக்கொள்வார்கள்?

கிணற்றுச்சிமெண்டு எழுதியது:

ஆசிரியை அம்மாவின் கேள்வி நியாயமானது. அதை எளிதாகக் கடந்துபோக நான் விரும்பவில்லை. சட்டார்ஷியாவிலும் கனமழைக்குப் பிறகு மண் நகர்ந்துதான் குழாயின் வெல்டிங் பிளந்தது. நம் நாட்டுத் திட்டங்களில் சேமிப்பிடம் கடலுக்கு அடியில் இருந்தாலும், தொழிற்சாலைகளிலிருந்து கடற்கரைவரை வரும் குழாய் தரையில்தான் இருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கரியமில வாயு 31 பாகை வெப்பத்துக்கும் 74 பார் அழுத்தத்துக்கும் மேலே போனால் வாயுவாகவும் இல்லாமல் திரவமாகவும் இல்லாமல் அடர்த்தியான ஒரு நிலையை அடைகிறது. ஏறத்தாழ 800 மீட்டருக்குக் கீழே பாறையில் இந்த நிலை தானாகவே அமைகிறது. குறைந்த இடத்தில் நிறையச் சேமிக்க முடிவது அதனால்தான். ஆனால் அந்த அழுத்தம் திடீரென்று விடுபட்டால் அது கடுமையாகக் குளிர்ந்து உலர்பனியாக உறையும். அந்தக் குளிரில் சாதாரண எஃகு கண்ணாடி போல நொறுங்கக்கூடும். ரப்பர் வளையங்கள் உள்ளே ஊறிய வாயு விரிந்து வெடித்துவிடும். அழுத்தம் தீர்ந்துபோன பழைய வயலுக்குள் செலுத்தும்போதும் முதல் மாதங்களில் இந்தக் குளிர்ச்சிதான் பெரிய தொல்லை. எரிவாயுக் குழாயை மேற்பார்த்த அனுபவம் மட்டும் இதற்குப் போதாது. கசிவு உணரும் கருவி, அடைப்பு வால்வுகளுக்கு இடையிலான தூரம், கிராமத்து மக்களுக்கு எச்சரிக்கை ஒலி, மருத்துவமனைக்கு முன்கூட்டியே பயிற்சி ஆகியவற்றைக் குழாய் பதிப்பதற்கு முன்பே கேட்டுப் பெற வேண்டும்.

ஒப்பந்தப்பிரிவு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். லாயாங் லாயாங் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்து, இப்போது கோலாலம்பூரில் எண்ணெய், எரிவாயு ஒப்பந்தங்களைப் பார்க்கும் பிரிவில் வேலை செய்கிறேன். ரெங்கம்வாசி அண்ணனின் அக்காள் கேட்ட கேள்விக்கு என்னால் இயன்ற பதில் இது: பணம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்.

எண்ணெயை எடுத்தால் வாங்குவதற்கு ஆள் உண்டு. கரியமில வாயுவைப் புதைத்தால் வாங்க ஆள் இல்லை. ஆகவே யாராவது ஒருவர் சட்டத்தாலோ வரியாலோ மானியத்தாலோ அதற்கு விலை வைத்தால்தான் தொழில் நடக்கும். நோர்வே 1991-இல் கடல் எண்ணெய் வேலைகளுக்குக் கார்பன் வரி போட்டது. 1996-இல் சிலைப்னர் வயலில் உலகின் முதல் பெரிய கடலடிச் சேமிப்பு தொடங்கியது. இவ்விரண்டும் ஒன்றையொன்று தொட்டு நடந்தவை. அமெரிக்காவில் 2022-ஆம் ஆண்டுச் சட்டம் புதைக்கும் ஒவ்வொரு டன்னுக்கும் 85 டாலர்வரை வரிச்சலுகை தந்தது. நோர்வேயின் பிரெவிக் சிமெண்டு ஆலையில் 2025-இல் திறந்த பிடிப்பு நிலையம் ஆண்டுக்கு 4 இலட்சம் டன், அதாவது அந்த ஆலை வெளியிடுவதில் பாதி, பிடிப்பதற்காகக் கட்டப்பட்டது. அது எஸ்எல்பி வாங்கிய அதே ஆக்கர் தொழில்நுட்பம். அங்கே பிடித்த வாயுவைக் கப்பலில் ஏற்றி மேற்குக் கரைக்குக் கொண்டுபோய், குழாய் வழியாகக் கடலுக்கு அடியில் 2,600 மீட்டர் ஆழத்தில் செலுத்துகிறார்கள். அந்தத் திட்டத்தின் செலவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை நோர்வே அரசு ஏற்றுக்கொண்டது. அரசாங்கம் கைகொடுக்காமல் இது எழுந்திருக்காது.

நம் நாட்டு நிலவரம். 2023-இல் வெளிவந்த தேசிய எரிசக்தி மாற்றத் திட்டம், 2030-க்குள் மூன்று கார்பன் சேமிப்பு மையங்கள், தீபகற்பத்தில் இரண்டும் சரவாக்கில் ஒன்றும், வேண்டும் என்று சொன்னது. 2025 மார்ச்சில் கார்பன் பிடிப்புச் சட்ட மசோதா நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் நிறைவேறியது. சேமிப்பிடத்தை மூடிய பிறகு பல ஆண்டுகள் கண்காணிப்பதற்கான நிதிக்கு, செலுத்தும் ஒவ்வொரு டன்னுக்கும் கட்டணம் வாங்க அந்தச் சட்டம் வழி வைத்திருக்கிறது. ஆனால் சபாவுக்கும் சரவாக்குக்கும் அது பொருந்தாது. சரவாக் தனக்கென்று 2022-இலேயே விதிகள் வகுத்துக்கொண்டது. இது முக்கியம். ஏனென்றால் நம் நாட்டின் முதல் பெரிய திட்டமான கசாவாரி சரவாக் கடலில்தான் இருக்கிறது. அங்கே எரிவாயுவிலிருந்து பிரித்த கரியமில வாயுவை 138 கிலோமீட்டர் குழாய் வழியாக எம்1 என்ற தீர்ந்துபோன வயலுக்கு அனுப்பி, ஆண்டுக்கு 33 இலட்சம் டன் சேமிக்கத் திட்டம். பெட்ரோனாஸ் 2022 நவம்பரில் அதற்கு இறுதி முதலீட்டு முடிவெடுத்தது. மேடையைக் கட்டும் ஒப்பந்தம் பாசிர் கூடாங்கில் தளம் வைத்திருக்கும் எம்எம்ஹெச்இ நிறுவனத்துக்குப் போனது. அதற்கான அழுத்த இயந்திரங்களைத் தரும் வேலை பேக்கர் ஹியூஸுக்குக் கிடைத்தது. அண்ணன் கேட்ட நிறுவனங்களின் வருகை ஜொகூர் கரையைத் தொடும் வழி இப்படித்தான்: மேலே ஒரு முடிவு, நடுவில் ஒரு கட்டுமானத் தளம், கீழே பல துணைக் குத்தகைகள், அதற்கும் கீழே உங்கள் மருமகனைப் போன்றவர்கள்.

கார்பன் வரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. இரும்பு, எஃகு, எரிசக்தித் தொழில்களுக்கு 2026-இல் அது வரும் என்று 2024 அக்டோபரில் வரவுசெலவு அறிக்கையில் அறிவித்தார்கள். அந்த விலை எந்த அளவில் நிற்கிறதோ, அதைப் பொறுத்துத்தான் இரண்டாவது, மூன்றாவது ஒப்பந்தங்கள் கையெழுத்தாகும்.

ஆலைப்பொறியாளர் எழுதியது:

நான் குளுவாங் பக்கத்தில் ஒரு செம்பனை ஆலையில் கொதிகலன் பொறுப்பில் இருக்கிறேன். நம் ஆலைகளிலிருந்தே கரியமில வாயுவைப் பிடித்து இந்த வழங்கல் தொடரில் சேர்க்க முடியாதா என்று இளைஞர்கள் அடிக்கடி கேட்பதால் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

ஆலைக் கழிவுநீரை மூடிய குளத்தில் புளிக்கவைத்தால் வரும் உயிர்வாயுவில் ஏறத்தாழ 60 விழுக்காடு மீத்தேன், மீதி பெரும்பாலும் கரியமில வாயு. மீத்தேனைச் சுத்தப்படுத்தி அழுத்தி விற்கும் ஆலைகளில் கரியமில வாயு தனியாகவே பிரிந்து வெளியே போகிறது. பிடிப்பதற்கு இதைவிட எளிய இடம் இல்லை. மணிக்கு 60 டன் பழக்குலை அரைக்கும் ஆலை நாளுக்கு இருபது மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் ஓடினால், என் உத்தேசக் கணக்கில் இப்படிப் பிரியும் வாயு 4,000 டன்னைத் தாண்டுவது கடினம். கசாவாரியின் 33 இலட்சத்துக்கு எதிரே வைத்தால் 800 ஆலைகள் வேண்டும். இந்த நாட்டில் மொத்தமே நானூற்றுச் சொச்சம் ஆலைகள்தான். அவையும் சிதறிக் கிடக்கின்றன. லோரியில் ஏற்றிக் கடற்கரைக்குக் கொண்டுபோகும் செலவு வாயுவின் மதிப்பை விழுங்கிவிடும். பக்கத்துக் குளிர்பானத் தொழிற்சாலைக்கு விற்பது வேண்டுமானால் நடக்கலாம்.

கொதிகலன் புகையைப் பிடிப்பது இன்னும் கடினம். புகையை அமீன் என்ற கரைசலில் கழுவினால் கரியமில வாயு அதில் ஒட்டிக்கொள்ளும். பிறகு அந்தக் கரைசலை ஏறத்தாழ 120 பாகைக்குச் சூடாக்கினால்தான் விட்டுப் பிரியும். பழைய வகை அமீனில் ஒரு டன் வாயுவுக்கு மூன்று முதல் நான்கு கிகாஜூல் வெப்பம் வேண்டும். அந்த நீராவியை நான் கொடுத்தால் பழக்குலையை எதைக் கொண்டு வேகவைப்பேன்? பிரெவிக்கில் சிமெண்டுச் சூளையின் வீண் வெப்பத்தைப் பயன்படுத்துகிறார்கள் என்று படித்தேன். அப்படி வெப்பம் மிஞ்சும் இடங்கள்தான் இதற்கு ஏற்றவை. ஆகவே நம் ஊரிலிருந்து இத்துறைக்குப் போவது வாயுவாக இருக்காது, ஆட்களாகத்தான் இருக்கும்.

பழையதொழிற்சங்கம் எழுதியது:

மரியாதையோடு மாறுபடுகிறேன். சிலைப்னரை எல்லோரும் உதாரணம் காட்டுகிறார்கள். அங்கே வயலிலிருந்து வரும் வாயுவில் ஏறத்தாழ 9 விழுக்காடு கரியமில வாயு இருந்தது. விற்பதற்கு அதை 2.5 விழுக்காட்டுக்குள் கொண்டுவர வேண்டியிருந்தது. எப்படியும் பிரித்தாக வேண்டியதைக் காற்றில் விடாமல் புதைத்தார்கள், நல்லதுதான். ஆனால் விற்ற வாயு எங்கோ ஓர் அடுப்பில் எரிந்து மறுபடி கரியமில வாயுவாகிறதே, அதை யார் பிடிக்கிறார்கள்? கசாவாரியும் இதே வகைதான். கரியமில வாயு அதிகமாக இருப்பதால் தொடாமல் விட்டிருந்த வயலைத் திறப்பதற்கு இந்தத் தொழில்நுட்பம் சாவியாகிறது.

நடைமுறையில் சறுக்கல்களும் உண்டு. அல்ஜீரியாவின் இன் சாலாவில் 2004-இல் தொடங்கிய செலுத்தலை 2011-இல் நிறுத்தினார்கள். நோர்வேயின் சினோவிட் வயலில் 2008-இல் தொடங்கிய சில ஆண்டுகளிலேயே பாறையின் அழுத்தம் எதிர்பார்த்ததைவிட வேகமாக ஏறியதால் வேறு அடுக்குக்கு மாற வேண்டியதாயிற்று. ஆஸ்திரேலியாவின் கோர்கன் திட்டம் ஆண்டுக்கு 40 இலட்சம் டன் என்று வடிவமைக்கப்பட்டு, 2019-இல் தொடங்கியதிலிருந்து அந்த அளவை எட்ட முடியாமல் இருக்கிறது. நான் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவன். மரத்தைச் சாய்த்தபோது "செம்பனையிலும் உங்களுக்கு வேலை உண்டு" என்றார்கள். வேலை இருந்தது, ஆனால் பால்வெட்டும் கத்தி பிடித்த பெண்களுக்கு இல்லை, நீண்ட கழியில் அரிவாள் கட்டிக் குலை இறக்கும் தோள் உள்ளவர்களுக்கு மட்டும் இருந்தது. இப்போதும் யார் உள்ளே போகிறார்கள், யார் வெளியே நிற்கிறார்கள் என்று கேட்பது என் கடமை.

ஒப்பந்தப்பிரிவு எழுதியது:

ஐயா சொன்ன மூன்று திட்டங்களின் விவரமும் சரி. நான் ஒன்றை மட்டும் பிரித்துப் பார்க்கச் சொல்வேன். எரிவாயு வயலில் புதைப்பது வேறு. சிமெண்டு ஆலையில் பிடிப்பது வேறு. சிமெண்டிலிருந்து வரும் கரியமில வாயுவில் ஏறத்தாழ அறுபது விழுக்காடு எரிபொருளிலிருந்து வருவது அன்று. சுண்ணாம்புக் கல் வேகும்போது கல்லுக்குள்ளிருந்தே வருவது. சூரிய மின்சாரத்துக்கு மாறினாலும் அது நிற்காது. அப்படிப்பட்ட இடங்களுக்காகவாவது இந்தத் திறமை நாட்டில் இருக்க வேண்டும் என்பது என் துணிபு. எரிவாயு வயலைத் திறக்க இது சாவியாகிறது என்ற குற்றச்சாட்டை நான் மறுக்கவில்லை.

வெல்டிங்_மேற்பார்வை எழுதியது:

ரெங்கம்வாசி அண்ணனுக்கு, மருமகன் எந்த வகை வெல்டிங்கில் தேறியவர் என்று முதலில் சொல்லுங்கள். சாதாரண கார்பன் எஃகுக் குழாயில் 6ஜி சோதனை, அதாவது சாய்வாக நிலைநிறுத்திய குழாயைச் சுற்றி வெல்டிங் போடும் சோதனை, தேறியிருப்பது நல்ல அடித்தளம். ஆனால் அமீன் கோபுரங்களிலும் ஈர வாயுக் குழாய்களிலும் துருவேறா எஃகும், அதிலேயே இருவகை உள்ளமைப்பு கலந்த டூப்ளெக்ஸ் எஃகும்தான் அதிகம். இவற்றின் ஒழுக்கம் வேறு.

டிக் என்ற டங்ஸ்டன் முனை வெல்டிங்கில் குழாயின் உள்பக்கத்தை ஆர்கான் வாயுவால் நிரப்பிக் காற்றை விரட்டிய பிறகே வேர்த்தையல், அதாவது இணைப்பின் அடியில் போடும் முதல் தையல், போட வேண்டும். இல்லையென்றால் உள்ளே சர்க்கரைப் பாகு பொரிந்ததுபோல் கருகி, பின்னாளில் அரிப்பு அங்கிருந்துதான் தொடங்கும். கார்பன் எஃகைத் தேய்த்த கிரைண்டிங் வட்டைத் துருவேறா எஃகில் வைக்கக் கூடாது. ஒட்டிய இரும்புத் துகளே துருவுக்கு விதையாகும். டூப்ளெக்ஸில் ஒரு தையலுக்கும் அடுத்த தையலுக்கும் இடையில் வெப்பம் பொதுவாக 150 பாகையைத் தாண்டக் கூடாது. அவசரப்பட்டால் உலோகத்தின் உள்ளமைப்பு கெட்டுவிடும். கண்ணுக்குத் தெரியாது, சோதனையில் தெரியும். பொறுமைசாலிகள் இதில் நன்றாக வருகிறார்கள். முன்பு தோட்டத்தில் ரப்பர் வெட்டிய ஒரு தாயின் மகனுக்கு நான் பயிற்சி கொடுத்தேன். பட்டை காயப்படாமல் மெல்லியதாகச் சீவும் கையை அம்மாவிடம் பார்த்து வளர்ந்தவன் என்று அவன் சொன்னான். அவனுடைய தையலில் அது தெரிந்தது.

இன்னொன்றைப் பலர் அறியாமல் ஏமாறுகிறார்கள். ஆஸ்மி என்ற அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்க விதித்தொகுப்பின் ஒன்பதாம் பிரிவின்படி நடக்கும் வெல்டர் தகுதிச் சோதனைக்கு அதை நடத்திய நிறுவனமே பொறுப்பு. நிறுவனம் மாறினால் பெரும்பாலும் மறுபடி சோதனை. ஒரு வெல்டிங் முறையை ஆறு மாதம் தொடாமல் இருந்தாலும் அந்தத் தகுதி காலாவதியாகும். லோரி ஓட்டிய அந்தப் பதினோரு மாதத்தில் மருமகனுக்கு நேர்ந்ததும் இதுவாகத்தான் இருக்கும். ஆகவே சோதனைத் தாள்களின் நகலையும் தான் போட்ட தையல்களின் எக்ஸ்ரே முடிவுப் பதிவையும் கேட்டு வாங்கி வீட்டில் வைக்கச் சொல்லுங்கள். மலேசியத் திறன் சான்றிதழ் மூன்றாம் நிலைவரை எடுத்துவிட்டால் அது அவருடைய சொந்தச் சொத்து. எந்த நிறுவனமும் எடுத்துக்கொள்ள முடியாது.

ரெங்கம்வாசி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மருமகனை அருகில் உட்காரவைத்து முழுவதையும் படித்துக் காட்டினேன். அவனுக்குக் கார்பன் எஃகில் 6ஜி தகுதி உண்டு, துருவேறா எஃகில் ஓராண்டு அனுபவம், டூப்ளெக்ஸைத் தொட்டதில்லை. கையெழுத்திடுவதற்கு முன் என்னென்ன கேட்க வேண்டும் என்று சொல்லுங்கள். இந்த முறை அவன் ஏமாறக் கூடாது.

ஒப்பந்தப்பிரிவு எழுதியது:

அண்ணன், முதல் கேள்வி: வேலை ஒப்பந்தம் அந்தச் சேவை நிறுவனத்தோடா, இடையிலுள்ள துணைக் குத்தகையாளரோடா? ஊழியர் சேமநிதி, சொக்சோ என்ற தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு, வேலை காப்புறுதி மூன்றும் யார் பெயரில் கட்டப்படும் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். 2018-இலிருந்து நடப்பில் உள்ள வேலை காப்புறுதியில் ஒப்பந்தத் தொழிலாளரும் சேர்த்தி. முறையாகக் கட்டியிருந்தால், ஒப்பந்தக் காலம் முடிவதற்கு முன் ஆட்குறைப்பில் வேலை போனால் சில மாதம் கைச்செலவுக்கு உதவித்தொகை கிடைக்கும். இரண்டாவது: டூப்ளெக்ஸ் பயிற்சியும் சோதனையும் நிறுவனச் செலவிலா, சோதனைத் தாளின் நகல் கிடைக்குமா? மூன்றாவது: இந்தத் தொகுதி முடிந்த பிறகு அடுத்த ஆர்டர் கையெழுத்தாகிவிட்டதா, பேச்சில் இருக்கிறதா? மூன்றாவதற்கு நேர்மையான பதில் வந்தால் அந்த மேலாளரை நம்பலாம்.

பழையதொழிற்சங்கம் எழுதியது:

நான்காவதாக ஒன்று. மிகைநேர விகிதமும் அது எந்தத் தேதியில் கொடுக்கப்படும் என்பதும். வாய்ச்சொல் வேண்டாம்.

கிணற்றுச்சிமெண்டு எழுதியது:

தம்பி, என் வீட்டில் கரியமில வாயு தின்ற பழைய உற்பத்திக் குழாய்த் துண்டு ஒன்று இருக்கிறது. சுவர் பாதியாகத் தேய்ந்து, விரலால் தேய்த்தால் அரித்த படலம் உதிரும். சனிக்கிழமை ரெங்கம் பக்கம் வருகிறேன். மருமகன் அதைக் கையில் வைத்துப் பார்க்கட்டும். ஆசிரியை அம்மா விரும்பினால் பள்ளிக்கும் கொண்டுவருகிறேன்.

அறிவியல்_ஆசிரியை எழுதியது:

கட்டாயம் கொண்டு வாருங்கள், ஐயா. ஆறாம் ஆண்டு மாணவர்களைச் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வரச் சொல்கிறேன்.

ரெங்கம்வாசி எழுதியது:

இன்று மருமகன் நேர்காணலுக்குப் போய் வந்தான். ஒப்பந்தம் சேவை நிறுவனத்தோடு நேரடியாக. சேமநிதி முதலியவை எழுத்தில் வந்துவிட்டன. மிகைநேரம் அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள் என்று தாளில் சேர்த்துக் கொடுத்தார்கள். டூப்ளெக்ஸ் சோதனை அவர்கள் செலவில். நகல் தருவதாகச் சொன்னார்கள். அடுத்த ஆர்டரைப் பற்றிக் கேட்டபோது, இன்னும் கையெழுத்தாகவில்லை, வரியும் விலையும் தெளிவாகும்வரை தன்னால் உறுதி சொல்ல முடியாது என்று மேலாளர் நேராகவே சொன்னாராம். அக்காள் அந்தப் பதிலைக் கேட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "மூன்று வருஷம் போகட்டும், லோரி லைசென்ஸை மட்டும் புதுப்பித்து வை" என்றார். திங்கட்கிழமை போய்ச் சேருகிறான். முதல் வாரம் முழுக்க ஆர்கான் நிரப்பும் பயிற்சிதானாம்.